மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார்

என் வீட்டுக்காரர் ராமசுப்ரமணியனுக்கு எதையும் நீளமாகக் கேட்கப் பொறுமை கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, அப்பா எங்கள் குடும்ப வரலாற்றைக் கும்பகோணத்தில் ஆரம்பித்து, மாற்றலான ஊர்களையெல்லாம் சுற்றி வந்து மூச்சு விட நிறுத்தினபோது, "ஆக, மூணு பொண்ணு, இவ நடுவுல" என்றாராம். அப்பா சொக்கிப் போய்விட்டார். மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அன்றைக்கே நிச்சயம் பண்ணிவிட்டார்.

அவர் பார்க்கிற வேலையும் அப்படி. மந்திராலயத்தில் செக்ஷன் ஆபீசர். ஒரு கட்டுக் காகிதம் வரும். அதைப் படித்து இவர் அரைப் பக்கத்தில் குறிப்பு எழுதுவார். மேலே இருப்பவர் அதை நாலு வரியாக்குவார். அவருக்கும் மேலே இருப்பவர் 'சரி' என்று போட்டுக் கையெழுத்திடுவார். யார் எவ்வளவு சுருக்குகிறார்களோ அவ்வளவு கெட்டிக்காரர் என்று பேர்.

நானும் அதற்குச் சளைத்தவள் இல்லை. லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். தில்லியில் பிறந்த பிள்ளைகளைச் சொந்தமாகத் தமிழில் நாலு வரி எழுத வைப்பதற்குள் பிராணன் போய்விடும். அதற்குப் பதிலாக, 'கீழ்க்காணும் பகுதியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குக. தேவையற்ற விவரங்களை நீக்குக' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வது சுகம். ஆகவே இந்த விஷயத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை வந்ததில்லை. எண்பத்திநாலாம் வருஷம் மாசி மாதம் வரை வந்ததில்லை.

அப்போது அவர் மேஜைக்கு ஜெனீவாவிலிருந்து கேள்விகள் வந்துகொண்டிருந்தன. மனித உரிமைகளுக்கான ஒப்பந்தம் ஒன்றில் நம் நாடும் கையெழுத்துப் போட்டிருந்தது. போட்ட நாடுகள் சொன்னபடி நடக்கின்றனவா என்று பார்க்க அங்கே ஒரு குழு. குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கோர்ட்டில் பேசுகிற பாஷை புரியாவிட்டால், அரசாங்கமே காசு வாங்காமல் மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும், அவர் இல்லாமல் நடக்கிற விசாரணை விசாரணையே இல்லை என்று அந்தக் குழு முடிவு சொல்லியிருந்தது. உங்கள் நாட்டில் எப்படி என்று கேட்டு எழுதியிருந்தார்கள்.

முந்தின வருஷம் அதற்குப் பதில் எழுதியவர் என் வீட்டுக்காரர்தான். 'மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார்.' அவ்வளவுதான் பதில். இங்கிலீஷில் இன்னும் கச்சிதமாக இருக்கும் என்றார். நாலு அதிகாரிகள் கைமாறியும் ஒரு கமா கூட மாறாமல் திரும்பி வந்த வாக்கியம் என்று சாப்பிடும்போது இரண்டு தரம் சொன்னார். அடுத்த நாள் காபி குடிக்கும்போது இன்னொரு தரம்.

எழுதிவிட்டால் போதுமா, கிடைக்கும்படி செய்ய வேண்டாமா? அதற்கான சுற்றறிக்கையையும் இவரே தயார் செய்தார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் விசாரணையைத் தொடர வேண்டாம்; வேறு ஆள் அகப்படாவிட்டால், அந்த மொழி தெரிந்த மத்திய சர்க்கார் ஊழியர் ஒருவரை அனுப்பும்படி எழுதிக் கேட்கலாம். நல்ல யோசனைதான். நான்கூட அன்றைக்கு மெச்சிக்கொண்டேன்.

இப்போது குழு மறுபடியும் எழுதியிருந்தது. கிடைக்கிறார் என்கிறீர்கள், சந்தோஷம். நடைமுறையில் எப்படிக் கிடைக்கிறார்? ஓர் உதாரணம் தர முடியுமா?

"உதாரணத்துக்கு நான் எங்க போறது?" என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்த வாரத்தில்தான், எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்க வடிவு வந்து சேர்ந்தாள்.

வடிவுக்குச் சேலம் ஜில்லா, ஆத்தூர்ப் பக்கம். முனிர்காவுக்குப் பின்னால் ஒரு ஜுக்கிக் குடிசையில் இருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. அதைச் சமையலறை வாசலில் கோணி விரித்துக் கிடத்திவிட்டு வேலையைத் தொடங்குவாள். வந்த முதல் நாளே, உன் ஆம்படையான் என்ன பண்றான் என்று கேட்டேன்.

"ஜெயில்ல இருக்காருங்க மாமி" என்றாள், பாங்கில் இருக்கிறார் என்பது மாதிரி.

நான் கையில் இருந்த வெள்ளி டம்ளரை உள்ளே கொண்டு போய் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி பேசிக்கொண்டே போனாள்.

அவள் புருஷன் தர்மன், கட்டிட வேலையில் கம்பி கட்டுகிறவன். ஊரிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு வரும் ஜமாதார் மாசிலாமணிதான் அவர்களுக்கு எல்லாம். அவனும் ஊர்க்காரன், ஆனால் ஹிந்தி பேசுவான். ஒரு நாள் இரும்புக் கம்பிகளைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே கொண்டு போனபோது, வாசலில் காவல் நின்ற சௌகிதார் தர்மனைப் பிடித்துவிட்டான். போலீஸ் வந்தது. தர்மனுக்கு 'ஹாங் ஜி'க்கு மேல் ஹிந்தி தெரியாது.

"கம்பியக் கொண்டு போகச் சொன்னதே மாசிலாமணிதானுங்க. போலீசு, இவன் என்ன சொல்றான்னு அந்த மாசிலாமணியையே கேட்டுச்சு. 'திருடுனேன்னு ஒத்துக்கறான்'னு சொல்லிப்புட்டான்."

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் நல்ல மனுஷர் போலிருக்கிறது. புகார் கொடுத்தவன் பக்கத்து ஆளே மொழிபெயர்த்தது செல்லாது, பொதுவான ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்து தர்மன் சொல்வதை முதலில் நான் கேட்க வேண்டும் என்று சொல்லி, சர்க்காருக்குக் கடிதம் எழுதிவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு தேதிக்கும் வடிவு போய் நிற்கிறாள். கடிதம் போயிருக்கிறது, ஆள் வரவில்லை, அடுத்த தேதி. ஜாமீன் கொடுக்க இந்த ஊரில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? தர்மன் உள்ளே போனபோது குழந்தை வயிற்றில் இருந்தது. இன்னும் அவன் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

எனக்கு ஏதோ பொறி தட்டியது. சாயங்காலம் என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"தமிழ் தெரிஞ்ச ஆள் வேணும்னு ஏதாவது கோர்ட்டுலேர்ந்து உங்க ஆபீசுக்குக் கடுதாசி வந்திருக்கா?"

"வந்திருக்கே. என் செக்ஷன்லதான் இருக்கு. எல்லா இலாகாவுக்கும் பேர் கேட்டு எழுதியிருக்கேன். பதில் வரலை. ரிமைண்டர் போட்டிருக்கேன்."

"எப்ப வந்தது?"

"அது ஆச்சு கொஞ்ச நாள்" என்று சட்டையைக் கழற்றப் போனார்.

"உங்களுக்குத் தமிழ் தெரியாதோ?"

"என்னடி கேள்வி இது?"

"நீங்களே போக வேண்டியதுதானே?"

அதற்கு அவர் சொன்ன பதிலை இந்த ஜன்மத்தில் மறக்க மாட்டேன். "பேர் கேட்டு எழுதறவனே தன் பேரைப் போட்டுக்கறதாவது! அது முறையில்லை, ருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கரண்டி என்னாகியிருக்குமோ தெரியாது. வடிவு சொன்னதெல்லாம் சொன்னேன். "முன்னே மாதிரி இருந்திருந்தா எப்படியோ கேஸ் நடந்து எப்படியோ முடிஞ்சிருக்கும். இப்ப, மொழிபெயர்க்கிறவர் வராம விசாரணை கூடாதுன்னு நீங்க எழுதி அனுப்பிட்டேள். ஆளை அனுப்பவும் மாட்டேங்கறேள். அவனை உள்ள வெச்சுப் பூட்டினது யாரு? போலீசா, நீங்களா?"

அவர் பனியனோடு கூடத்தில் நின்றுகொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது.

மறுநாள் அண்டர் செக்ரட்டரி மகாதேவனிடம் போய் நின்றாராம். மகாதேவன் கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் என்பது அவருக்கு அம்மாவிடம் சாப்பாடு கேட்க மட்டும். "என் தமிழ் எங்கம்மாவுக்கே பாதிதான் புரியும். நீங்களே போயிட்டு வாங்க சார். ஜெனீவாவுக்கு எக்ஸாம்பிளும் கிடைச்ச மாதிரி ஆச்சு" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். இத்தனை நாள் அலைந்த காகிதத்துக்கு அவ்வளவு நேரம்தான் தேவைப்பட்டது.

தேதியன்று நானும் லீவு போட்டுவிட்டு வடிவோடு போனேன். கோர்ட் அறையில் நல்ல கூட்டம். நான் கடைசி பெஞ்சில், குழந்தை என் மடியில். வடிவு முன்னால் தடுப்புக் கம்பிக்கு அருகில் போய் நின்றுகொண்டாள். என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட கோட்டில், மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர் மாதிரி விறைப்பாக நின்றார்.

தர்மனைக் கொண்டு வந்தார்கள். ஒல்லியான ஆள். என் வீட்டுக்காரர் தமிழில் "என்ன நடந்ததுன்னு சொல்லுப்பா" என்றதும் அவன் முகம் மாறியதைக் கடைசி பெஞ்சிலிருந்தும் பார்க்க முடிந்தது. பேச ஆரம்பித்தான். நிறுத்தவே இல்லை. கையை ஆட்டி, குனிந்து, எதையோ தள்ளுவது போல, எதையோ முடிச்சுப் போடுவது போல. கூட்டத்தின் இரைச்சலில் எனக்குக் குரல்தான் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. மாதக்கணக்கில் ஒருத்தருக்கும் புரியாமல் உள்ளேயே கிடந்த பேச்சு. 

முடித்தான். என் வீட்டுக்காரர் தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டு, மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி, கணீரென்று இங்கிலீஷில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். தன் மேலாளின் உத்தரவுப்படி நடந்துகொண்டதாகவும், குற்றத்தை மறுப்பதாகவும் குற்றம் சாட்டப்பட்டவர் கூறுகிறார்.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். "அவ்வளவுதானா?"

"சாராம்சம் அவ்வளவுதான், யுவர் ஆனர்."

மேலாளான மாசிலாமணியோ உத்தரவே போடவில்லை என்கிறான். ஒருவன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு ஒருவன். மாஜிஸ்திரேட் ஒரு மாதம் தள்ளித் தேதி கொடுத்தார். தர்மன் தன்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தான், என் வீட்டுக்காரரைப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே மரத்தடியில் வடிவு குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மாமி, எங்க வூட்டுக்காரரு அவ்ளோ நேரம் பேசுனாருங்களே. இங்கிலீசுல சொன்னா அத்தினியும் அவ்ளோ சின்னதா ஆயிருங்களா?"

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"செங்கம்மா பேரச் சொன்னாரு. ஐயா சொன்ன இங்கிலீசுல அந்தப் பேரு எங் காதுல விழுவல. பேரு எந்தப் பாசையிலயும் பேருதானுங்களே?"

சாயங்காலம் ஆபீசிலிருந்து அவர் வந்ததும் நான் உட்காரவிடவில்லை.

"செங்கம்மாள்னு ஒரு பேர் சொன்னானா?"

"சொன்னான். வண்டி, துணி, கலவைச் சட்டி, என்னென்னமோ சொன்னான். பாவம், சுத்தி வளைச்சுப் பேசறான். கேஸுக்கு சம்பந்தமில்லாததை எல்லாம் ஒதுக்கிட்டு நான் பாயிண்டைச் சொன்னேன்."

"அந்தச் செங்கம்மாள் அவனோட வண்டியைத் தள்ளினவளாம், வடிவு சொன்னா. மாசிலாமணி கொண்டு போகச் சொன்னதைப் பக்கத்துல நின்னு காதால கேட்டவளாம். மாசிலாமணிக்குப் பயந்துண்டு வாயைத் திறக்காம இருக்காளாம். கோர்ட்டு கூப்ட்டா வந்து சொல்றேங்கறாளாம்."

அவர் அப்படியே நின்றார். "சாட்சி" என்றார் மெல்ல. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "என் காதுல விழுந்தது, ருக்கு. நன்னா விழுந்தது. நான்தான் கோடு போட்டு அடிச்சுட்டேன்."

எனக்கு என் கரும்பலகை ஞாபகத்துக்கு வந்தது. தேவையற்ற விவரங்களை நீக்குக. எது தேவை, எது தேவையில்லை என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இருக்கும். நான் அதைப் பார்த்து மார்க் போடுவேன்.

"அடுத்த தேதியில சேர்த்துச் சொல்லிடறேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். விஷயம் என்னவென்றால், கோர்ட்டிலிருந்து நேராக ஆபீசுக்குப் போய் ஜெனீவாவுக்கான உதாரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். சமீபத்தில் தில்லியில் ஒரு வழக்கில் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்கு மந்திராலயமே மொழிபெயர்ப்பாளரை அளித்தது, அவருடைய வாக்குமூலம் முறையாகப் பதிவாயிற்று. மகாதேவன் தட்டிக்கொடுத்து மேலே அனுப்பியிருந்தார். இப்போது நாமே அனுப்பின ஆள் பாதியை முழுங்கிவிட்டான் என்று எழுதுவதா?

மறுநாள் காலை வடிவு கண்கள் சிவந்து வந்தாள். கட்டிடத்தில் வேலை முடிந்துவிட்டதாம். அந்த வாரக் கடைசியில் மாசிலாமணி எல்லோரையும் ஜெய்ப்பூரில் வேறு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறானாம். செங்கம்மாளும் போகிறாள். அடுத்த தேதியில் கோர்ட்டு கூப்பிட்டால் வர அவள் இந்த ஊரில் இருக்க மாட்டாள்.

நான் உள்ளே போய்ச் சொன்னேன். அவர் பாதி க்ஷவரத்தில் இருந்தார். மீதி முகத்தையும் நிதானமாகச் சிரைத்து முடித்தார். வழக்கமாக ஆபீசுக்குக் கிளம்பும் பஸ்ஸில் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய் நின்றார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முன்கூட்டி எழுதிக் கொடுக்காமல் ஒரு நாள் லீவு எடுத்தறியாத மனுஷர்.

மாஜிஸ்திரேட்டின் அறை வாசலில் மத்தியானம் வரை நின்றிருக்கிறார். உள்ளே விட்டதும், நேற்று ஒரு பகுதியை விட்டுவிட்டேன் என்றாராம். ஏன் விட்டீர்கள் என்று மாஜிஸ்திரேட் கேட்டாராம். பழக்கம் என்றாராம் இவர். அந்த மனுஷர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இவரையே பார்த்தாராம். திட்டியிருந்தால் தேவலை என்று என்னிடம் சொன்னார். பிறகு தேதியை முன்னால் இழுத்து வாரக் கடைசிக்குள் போட்டு, செங்கம்மாளுக்கு சம்மன் அனுப்பச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு நான் முன் பெஞ்சில் இடம் பிடித்துவிட்டேன். செங்கம்மாள் கதவோரம் தரையில் குந்தியிருந்தாள். மாசிலாமணியும் வந்திருந்தான், கலர் சட்டையும் ரிஸ்ட் வாட்சுமாக. அவன் பார்க்கும் போதெல்லாம் அவள் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

தர்மனைக் கூண்டில் ஏற்றினார்கள். மாஜிஸ்திரேட், நடந்ததை மறுபடி முழுக்கச் சொல்லச் சொல் என்றார். என் வீட்டுக்காரர் அதைத் தமிழில் சொன்னார்.

தர்மன் இவரையே பார்த்தான். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். அலுத்துப்போன பார்வை.

"எதுக்குங்க?" என்றான். "மொதல்ல போலீசுல கேட்டாங்க, சொன்னேன். மாசிலாமணி அத இந்தில மாத்திச் சொன்னான். அப்புறம் இங்க கேட்டாங்க, மறுபடியும் சொன்னேன். இவரு பாதிகூட சொல்லல. அவன் பொய் சொன்னான், இவரு ஒண்ணுமே சொல்லல. ரெண்டு பேராலயும் நான் உள்ளதான் கெடக்கறேன். மூணாந் தடவ சொன்னா மட்டும் என்னாயிரும்?"

மாஜிஸ்திரேட் பேனாவோடு காத்திருந்தார். தமிழ் புரிந்தவர்கள் அந்த அறையில் ஒரு கை விரலுக்குள் அடங்குவோம். "அவர் பேச விரும்பவில்லை, யுவர் ஆனர்" என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆபீசில் இருபது வருஷமாக அதைத்தானே செய்தார்.  கட்டிக்கொண்ட மனுஷர் எல்லோர் முன்னாலும் அவமானப்படக் கூடாது என்று ஒரு பக்கம் தோன்றியது. சொல்லித் தொலையுங்களேன் என்று இன்னொரு பக்கம்.

அவர் சொன்னார். ஒவ்வொரு வாக்கியமாக, ஒன்றும் விடாமல் சொன்னார். மாசிலாமணி மாற்றிச் சொன்னதை, இவர் பாதிகூடச் சொல்லாததை, அவன் பொய்யையும் இவர் மௌனத்தையும் தர்மன் ஒரே தராசில் போட்டதை. ஒரு வாக்கியம் பாதியில் தடுமாறியது. அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொன்னார்.

கோர்ட் குமாஸ்தாவான ரீடர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இவர் என்கிறாரே, யாரைச் சொல்கிறார்? பேர் எழுத வேண்டும்."

"என்னைத்தான். ராமசுப்ரமணியன்" என்றார் என் வீட்டுக்காரர்.

இங்கிலீஷில் நடந்தது தர்மனுக்கு எப்படிப் புரிந்ததோ தெரியாது. ஆனால் தான் சொன்னதன் நீளமும் இவர் சொன்னதன் நீளமும் ஒன்று என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாசிலாமணி என்ற பேர் வந்த இடத்தில் வந்ததும் காதில் விழுந்திருக்கும். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றான். சொல்ல ஆரம்பித்தான்.

"அன்னிக்கு வெள்ளன நானு மேல கம்பி கட்டிக்கிட்டு இருந்தனுங்க."

இவர் சொன்னார்.

"மாசிலாமணி வந்து, கீழ கெடக்கற கம்பிய எல்லாம் அந்தாண்ட ரோட்டுல இருக்கற கட்டடத்துக்குக் கொண்டுபோன்னான். ஒத்த ஆளா எப்பிடித் தள்றதுன்னேன். செங்கம்மாவக் கூட்டிக்கன்னான். அவ கலவச் சட்டி தூக்கிட்டு இருந்தா."

கலவைச் சட்டிக்கு இங்கிலீஷில் என்ன என்று இவர் திணறினார். சிமெண்ட்டும் மணலும் குழைத்து எடுத்துப் போகிற இரும்புச் சட்டி என்று விளக்கியே சொல்லிவிட்டார்.

"வண்டிச் சக்கரம் ஒண்ணு ஆடுச்சுங்க. கம்பி சரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கட்டறதுக்குக் கவுறு இல்ல. செங்கம்மா தலையில வெச்சிருந்த சும்மாட்டுத் துணியக் கிழிச்சுக் குடுத்தா. பச்சத் துணி. அத வெச்சு முன்னால ஒரு கட்டு, பின்னால ஒரு கட்டுப் போட்டேன். வாசல்ல புடிச்சப்ப அவ பயந்து ஓடிப்போயிட்டா. நான் ஏன் ஓடணும், நான் ஒண்ணும் எடுக்கலியேன்னு நின்னுட்டேன்."

பாரம் தூக்குகிறவர்கள் தலையில் சுருட்டி வைத்துக்கொள்கிற துணி என்று சும்மாட்டையும் விளக்கிச் சொன்னார். மாஜிஸ்திரேட் கையை உயர்த்தினார். பிடிபட்ட கம்பிக்கட்டைக் கொண்டுவரச் சொன்னார். அது வர வெகு நேரம் ஆயிற்று. இரண்டு கான்ஸ்டபிள்கள் தூக்கிக்கொண்டு வந்து தொப்பென்று போட்டார்கள். துருவேறிய கம்பிகள். முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு. புழுதி படிந்த பச்சைத் துணி.

செங்கம்மாள் கதவோரத்திலிருந்து எழுந்தாள். கூப்பிடும் வரைகூடக் காத்திருக்கவில்லை. "அது எந் துணிதானுங்க" என்றாள். அதற்கப்புறம் அவள் மாசிலாமணி பக்கம் திரும்பவே இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், என் வீட்டுக்காரர் அவளுடைய பெருமூச்சைக்கூட விடாமல் மொழிபெயர்ப்பார் போலிருந்தது.

தர்மனை அவன் சொந்தப் பிணையிலேயே அன்றைக்கு விடச் சொல்லிவிட்டார் மாஜிஸ்திரேட். மாசிலாமணியை விசாரிக்கச் சொன்னார். திரும்பிப் பார்த்தபோது அவன் இருந்த இடம் காலியாக இருந்தது. பின்னால் கேஸே தள்ளுபடியாகிவிட்டது. வெளியே வராந்தாவில் வடிவு குழந்தையை நீட்டினாள். தர்மன் கைகளை வேட்டியில் துடைத்துத் துடைத்து வாங்கினான். அது அவனைப் பார்த்து வீறிட்டு அழுதது. யாரோ அந்நிய மனுஷர் என்று நினைத்துவிட்டது, பாவம்.

என் வீட்டுக்காரர் மேலே போயிருந்த உதாரணத்தைத் திரும்ப வாங்கி, மறுபடி உட்கார்ந்து எழுதினார். இந்தத் தடவை முழுசாக ஒரு பக்கம். கடிதம் செக்ஷனில் காத்துக் கிடந்தது, முதல் நாள் விட்டுப்போனது, வண்டிச் சக்கரம், சும்மாடு எல்லாம். மகாதேவன் படித்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு சார் அவங்களுக்கு? இர்ரெலவண்ட் டீடெயில்ஸ்" என்று சிவப்பு மையில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தார். கடைசியில் ஜெனீவாவுக்குப் போனது இதுதான்: 'மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார். சமீபத்தில் ஒரு வழக்கில் கிடைத்தார்.'

வீட்டுக்கு வந்து சொன்னபோது, நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தர்மன் வடிவோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் வாசற்படியிலேயே உட்கார்ந்தான். குழந்தை இப்போது அவனிடம் பழகிவிட்டது. தரையில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரரின் செருப்பை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தது. கீழே இரண்டு பல் முளைத்திருந்தது.

"எங் கதைய வெளிநாட்டுக்கு எழுதுனீங்களாமே. வடிவு சொன்னா" என்றான் தர்மன். "என்னன்னு எழுதுனீங்க?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு மறைக்காமல் சொல்லிவிட்டார். "கிடைச்சார்னு எழுதியிருக்கு. அவ்வளவுதான்."

தர்மன் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"கெடச்சது நெசந்தானுங்களே. எம்புட்டு நாள் கழிச்சுன்னு மட்டும் சேத்திருக்கலாம்." குழந்தையின் வாயிலிருந்து செருப்பை மெதுவாகப் பிடுங்கினான். "யாராச்சும் கேட்டா இவளக் காட்டுங்க. நான் உள்ள போறப்ப இவ வயித்துல இருந்தா."

என் வீட்டுக்காரர் அவர்கள் போனபின், வெயில் தாழும் வரை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஆபீசில் சுற்றறிக்கையைத் திருத்தி எழுதினார். மொழிபெயர்ப்பாளர் கைதான ஒரு வாரத்துக்குள் கோர்ட்டில் இருக்க வேண்டும். பேர் வராவிட்டால், கேட்டு எழுதுகிற அதிகாரியே போக வேண்டும். ஏன் இந்தத் திருத்தம் என்று காரணம் எழுதுகிற இடத்தில் இப்படி எழுதினார்: 'கைதி உள்ளே போனபோது அவருடைய குழந்தை பிறக்கவில்லை. அவர் சொன்னது கோர்ட்டுக்குப் புரிந்த நாளில் அதற்கு இரண்டு பல் முளைத்திருந்தது.'

மகாதேவன் குழந்தையின் பல்லைச் சிவப்பு மையில் அடித்துவிட்டார். ஒரு வாரத்தை மட்டும் விட்டுவைத்தார்.